சரியாக வருகிற கணக்கு

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் அவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போடுவார். வகுப்பு முடிந்ததும் சாக்பீஸ் தூசி போகச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்.

பிதாகரஸ் தேற்றத்தை அவர் நிரூபித்துக் காட்டியதே இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த ‘தமிழர் சூத்திரம்’ ஒன்றைத்தான் நடத்துவார். செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீண்டதை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, சின்னப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வந்துவிடுமாம். எட்டுக்கும் ஆறுக்கும் பத்து வரும். வகுப்பே கைதட்டும்.

ஒருநாள் ஓய்வறையில் சொன்னேன். “சார், ரெண்டு பக்கமும் எட்டுன்னு வச்சுப் பாருங்க. உங்க வழியில பதினொண்ணு வருது. அதோட வர்க்கம் நூத்தி இருபத்தொண்ணு. வரவேண்டியது நூத்தி இருபத்தெட்டு.”

சிரித்தார். “அது எனக்கு எப்பவோ தெரியும் சார். அதான் சரியா வர்ற கணக்கா பாத்துக் குடுக்குறேன். நிரூபணம்னா ஒரு பய கேக்க மாட்டான். இதுக்கு எம்புட்டுக் கைதட்டு, பாத்தீகள்ல?”

தெரியாமல் செய்கிறார் என்று அதுவரை பரிதாபப்பட்டிருந்தேன்.

அப்போதுதான் கழுவிய கையால் வறுத்த கடலையை அள்ளி என்னிடம் நீட்டினார். அப்படியொரு சுத்தமான கை. அருவருத்து என் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.