சத்து மாத்திரை என்று எழுதினேன்

1. மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை. நாமக்கல்லில் ஒரு மகப்பேறு மருத்துவர் இருபத்தோரு நாள் மாத்திரை எழுதித் தந்தார். ஈஸ்ட்ரோஜன் கலந்தது, கருத்தடைக்கும் அதுதான்.

2. சொந்த ஊரான இளம்பிள்ளையிலிருந்து அம்மா போனில் சொன்னார்: "கண்ணாலம் ஆவாத புள்ள. ஆரு கேட்டாலும் சத்து மாத்திரைன்னு சொல்லீரு சாமி."

3. எடையும் ரத்த அழுத்தமும் ஏறின. சேலத்தில் ஹார்மோன் மருத்துவர் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னார். படிவத்தில் 'உட்கொள்ளும் மருந்துகள்' என்ற இடத்தில் சத்து மாத்திரை என்று எழுதினேன்.

4. கார்டிசால் மிக அதிகம். அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருக்கலாம், ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அந்தப் படிவத்தை மற்றவர்களுக்கு நிரப்புவதே நான்தான். ஆனாலும் ஒரு வாரம் அறைக்குள் தனியாகக் கண்ணாடி முன் நின்று, கார்டிசால் கூடினால் உப்புவதுபோல் முகம் உப்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் பார்த்துச் சொல்ல யாரும் இல்லை.

வியாழக்கிழமை ராசிபுரத்திலிருந்து ஓர் அக்கா ரத்தம் கொடுக்க வந்தார். மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா என்று வழக்கம்போல் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. கோயில் நோம்பிக்குத் தூரம் தள்ளிப்போட நாலு நாள் போட்டேன். அதெல்லாம் மாத்திரைல சேத்தியாங்க?"

"அதுதாங்க மொதல்ல சொல்லோணும்."

சொல்லிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன்.

படித்த பாடம்தான். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் செய்ய வைக்கும். சுமக்கும் புரதம் கூடினால் அதில் ஒட்டியிருக்கும் கார்டிசாலும் கூடும். எங்கள் கருவி ஒட்டியதையும் ஒட்டாததையும் சேர்த்தே அளக்கும். உடம்பில் வேலை செய்வது ஒட்டாத சிறு பங்கு. எனக்கு அது கூடாமலே இருந்திருக்கலாம்.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் நின்று ஹார்மோன் மருத்துவரை அழைத்து, மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

"லேப்ல இருந்துக்கிட்டு நீங்களே மறைச்சா எப்படிம்மா?"

"தப்புதாங்க டாக்டர்."

அவர் மகப்பேறு மருத்துவரிடமும் பேசிவிட்டு, மாத்திரையை ஆறு வாரம் நிறுத்திப் பிறகு மறுபடி கார்டிசால் பார்க்கலாம் என்றார். அம்மாவிடம் நிறுத்தியதை மட்டும் சொன்னேன். "நல்லதாப் போச்சு, இனி ஆருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றார். கட்டியைப் பற்றி அவருக்குத் தெரியாது.

மாத்திரையை நிறுத்தி இன்றோடு பதினெட்டு நாள். ஸ்கேன் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மறுபடி ரத்தம் கொடுக்க இன்னும் இருபத்து நான்கு நாள். கட்டி இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.