வலப்பக்கம் திரும்பிய ஓட்டோ

அப்பா ஓட்டோ வாங்கினார். இருக்கையைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றுவதற்கு முன்பே பொலிசில் பிடிபட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. வீதியில் கண்ட எழுத்தையெல்லாம் உரத்து வாசித்து எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கிற பருவம்.

மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயிலில் ஓட்டோவுக்குப் பூசை. ஓட்டோவை முதல்நாளே கோயிலடியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்; நாங்கள் பஸ்ஸில் போகவேண்டும். புறப்படும்போதே வீட்டில் முறுகல். முதல் ஓட்டத்தில் தன் அக்காவைக் கூட்டிப்போகப்போவதாக அப்பா சொல்லிவிட்டார். அவர் எனக்கு மாமி. மாமா செத்துப்போன பிறகு மாமி எந்த நல்ல காரியத்துக்கு வந்தாலும் அடுப்படியைத் தாண்டி முன்னுக்கு வரமாட்டார். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, இந்த விஷயங்களில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பவர்.

“புருசன் இல்லாத மனிசியையோ முதல் ஓட்டத்திலை ஏத்துறியள்? ஏதும் நடந்தால் பிறகு எங்களைச் சொல்லக்கூடாது” என்றார்.

அப்பா காது கேளாதவர்போலச் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். மாமியும் வரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா விடவில்லை.

பூசையில் ஒரு குறையும் இல்லை. ஐயர் கண்ணாடிக்குச் சந்தனம் வைத்தார். சில்லுக்கடியில் வைத்த தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு அப்பா ஓட்டோவை எடுத்தார். பின்னால் என்னோடு இருந்த மாமி அப்பாவிடம் மெல்லச் சொன்னார்:

“தம்பி, முதல் திருப்பம் வலப்பக்கமா இருக்கட்டும். அதுதான் நல்லது.”

எங்கள் வீடு இடப்பக்கம். ஆனாலும் ஒரு நல்ல காரியத்தில் மாமி இப்படிச் செய் என்று சொன்னதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அப்பா தலையாட்டினார். வலப்பக்கம் முதலில் வந்த தெருமுனையில் ஒரு பலகை நின்றது. நான் விடுவேனா? “வலப்பக்கம் திரும்பத் தடை” என்று வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தேன்.

“கண்டனான்” என்றார் அப்பா. திருப்பினார்.

வாழைக்குலை லொறி ஒன்றின் மறைவிலிருந்து பொலிஸ்காரர் வெளியே வந்தார். கண்ணாடியில் தொங்கிய பூமாலையைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“பலகை தெரியேல்லையோ?”

“கவனிக்கேல்லை, சேர்.”

“அப்பா, நான் வாசிச்சனான் எல்லே” என்று தொடங்கினேன். அப்பா பார்த்த பார்வையில் மிச்சம் தொண்டையோடு நின்றுவிட்டது. பொலிஸ்காரர் லைசென்ஸை வாங்கிக்கொண்டு தண்டம் எழுதிய துண்டைக் கொடுத்தார். தபாற்கந்தோரில் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டோடு ஸ்டேஷனுக்கு வந்து லைசென்ஸை எடுக்கச் சொன்னார். வேலை முடிந்தது.

திரும்பிப் பார்த்தால் மாமி இறங்கி வீதியோரம் நிற்கிறார். முகத்தில் இரத்தமே இல்லை.

“நான் பஸ்ஸிலை வாறன் தம்பி. நான் ஓட்டோவிலை ஏறவே இல்லையெண்டு வீட்டிலை சொல்லு. எல்லாம் என்ரை ராசி.”

“வெயிலுக்கை நிக்காமல் ஏறுங்கோ அக்கா.”

மாமி ஏறினார்; வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெரியம்மா படலையடியிலேயே நின்றார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

மாமி தலையைக் குனிந்துகொண்டார். அப்பா தானாகவே துண்டை எடுத்துக் காட்டினார்.

“பொலிஸ் பிடிச்சிட்டுது மச்சாள். பலகை ஒண்டு நிண்டது. ஏதோ சவர்க்கார விளம்பரமாக்கும் எண்டு நான் வாசிக்கேல்லை. அக்கா பின்னாலை இருந்து வேண்டாம் வேண்டாம் எண்டு கத்தினவ. நான்தான் கேக்கேல்லை.”

பெரியம்மா துண்டைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், கடைசியில் அப்பா மேல் பாய்ந்தார்.

“அந்த மனிசி சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தத் தண்டம் வந்திருக்குமோ? கண் தெரியாத ஆளுக்கு ஏன் ஓட்டோ?” என்றவர், “நீங்கள் வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்று மாமியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அப்பா மறுநாளே தண்டத்தைக் கட்டி லைசென்ஸை எடுத்துவிட்டார். ஆனால் சவர்க்காரக் கதை அதற்குள் அயலெல்லாம் பரவிவிட்டது. ஓட்டோவில் ஏறுகிறவர்களெல்லாம் வழியில் தெரியும் பலகைகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கிணற்றடியில் போய் நின்று அழுதேன். மாமி தேடிக்கொண்டு வந்து என்னவென்று கேட்டார்.

“அப்பாவுக்கு நல்லா வாசிக்கத் தெரியும் மாமி. தெரியாதெண்டு எல்லாரும் நினைக்கினம்.”

மாமி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவருக்கும் அதே கவலைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.