பலகையில்லாத நிறுத்தம்

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகிற பஸ் அறுவை மில் வாசலில் நிற்கிறது. அங்கே பலகை கிடையாது, நிழல் கிடையாது, பல நாள் ஏறுவதற்கு ஆளும் கிடையாது. ஆனாலும் நிற்கிறது. ஈர மரத்தூளின் வாசனை படியேறி வந்து, டிக்கெட் வாங்காமல் எங்களோடு கொஞ்சம் உட்கார்ந்திருந்து, பஸ் கிளம்பியதும் இறங்கிக்கொள்கிறது. போன வாரம் கண்டக்டரிடம் இங்கே ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். புதிதாக வேலைக்கு வந்தவர். "முன்னால உள்ளவங்க நிறுத்துனாங்க, நாங்களும் நிறுத்துதோம் சார்" என்றார்.

அப்படி முதலில் நிறுத்தியவர், அந்தக் காலத்து எங்கள் கண்டக்டர் அண்ணாச்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், சாரல் காலத்தில், குற்றாலத்தில் கூடைப்பந்துப் போட்டி நடக்கும். மண் தரை. சாரல் விழுந்தால் மரத்தூள் தூவியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆடுகிறவன் முழங்கால் அவனுக்குச் சொந்தமில்லை. கரும்பலகையில் புள்ளி எழுதுவது என் வேலை. நான் எழுத, சாரல் கரைக்க, கரைந்ததை மறுபடி எழுதுவேன். வெற்றி தோல்வி பற்றி எனக்கு அபிப்பிராயமே ஏற்படாமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அண்ணாச்சி அப்படியில்லை. லீவு போட்டுவிட்டு வந்து கயிற்றோரம் நிற்பார். பஸ்ஸில் ஊதுகிற விசிலைத் தென்காசி டீமுக்காக ஊதுவார்.

டீமின் கேப்டன் வடகரைக்காரன், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். யாரும் மறிக்காமல் தனியாக நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ கிடைத்தால், குனிந்து உள்ளங்கையில் மரத்தூளைத் தேய்த்துக்கொண்டு, கிணற்றடியில் குடத்தைத் தூக்கிவிடுகிற மாதிரி இரண்டு கையாலும் கீழிருந்து பந்தை மேலே அனுப்புவான். அது வளையத்துக்குள் போகுமா என்று யாரும் பார்ப்பதில்லை. போய்விட்டு வருவதைத்தான் பார்ப்போம். தென்காசி சலூன் ஒன்றில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவன் போட்டோ மாட்டியிருந்தது.

அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே வெளியூர்ப் பஞ்சு மில் டீம். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், ஆட்டம் முடியப் போகிறது, கேப்டனுக்கு இரண்டு எறி. இரண்டும் தவறின. அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மொத்தக் கூட்டமும் கலங்கிப்போனது. ஜெயித்து வருகிறவனுக்கு எண்ணெய் தேய்த்து அருவிக்குக் கூட்டிப்போவதுதான் எங்கள் ரசிகர்களின் வழக்கம். தோற்றவனுக்குத் தேய்த்தது அன்றுதான். அண்ணாச்சியே அவனைப் பாறையில் உட்கார்த்தி, உச்சியிலும் தோளிலும் எண்ணெய் வைத்து, பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி நிதானமாகத் தேய்த்தார். "பந்துக்குக் கண்ணு கெடையாதுல்லா, விடுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி அவன் கையைப் பிடித்து அருவிக்குள் கூட்டிப்போனார்.

அடுத்த மாதம் அவன் அதே மில்லின் பனியனைப் போட்டுக்கொண்டு ஆடினான். கூட ஆடியவன் ஒருவன் தேடிப்போய்க் கேட்டதற்கு, வேலை தருவதாகச் சொன்னார்கள், வேண்டுமென்றேதான் விட்டேன் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறான். சலூனில் போட்டோ இறங்கியது. சுவரில் வெளுக்காத ஒரு சதுரம் மட்டும் மிஞ்சியது. ஆளாளுக்குத் திட்டினார்கள். அண்ணாச்சி திட்டவில்லை. ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "தோத்தது கெடக்கட்டும். ஒரு வேலைக்காக மனுசன் என்னமும் செய்வான். அம்புட்டையும் செஞ்சிட்டு, எங்கையில எண்ணெய் தேச்சுக்கிட்டான் பாத்தியா, அதான் மனச விட்டுப் போவ மாட்டேங்கு."

முழங்கால் போனதும் மில் அவனைக் கைவிட்டது. திரும்பி வந்து இந்த அறுவை மில்லில் சேர்ந்தான். அந்தக் காலத்தில் கை காட்டிய இடமெல்லாம் பஸ் நிற்கும். மில்லில் வேறு யார் நின்றாலும் அண்ணாச்சி விசில் கொடுப்பார். அவன் மட்டும் நின்றால் டிக்கெட் கட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கொஞ்ச நாளில் அவன் கையைத் தூக்குவதை விட்டுவிட்டான். நொண்டிக்கொண்டே அடுத்த நிறுத்தம்வரை நடப்பான்.

அறுபதுகளில் ஒரு வருஷம் தென்காசி மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. விடாத சாரல். வைத்திருந்த தூள் தீர்ந்துவிட்டது. தரை சரியாகாவிட்டால் ஆட்டம் இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். அப்போதுதான் பழைய கேப்டன் இரவல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு மூட்டையோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றான். தூளை எடுத்துக்கொண்டு ஆளை விரட்டலாம் என்றது ஒரு கட்சி. "வழுக்குத தூளா பாத்துக் கொண்டாந்திருப்பான்" என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். கடைசியில் எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"உள்ள வரல அண்ணாச்சி. தூளை மட்டும் எடுத்துக்கிடுங்க" என்றான் அவன்.

"அன்னைக்கு ஏம்லே சொல்லல?"

"சொன்னேன். அருவிக்குள்ள நிக்கும்போது சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

அருவிக்குள் எதுவும் கேட்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். "பாறையில உக்காந்திருக்கும்போது அருவி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். "அதுவும் சரிதான் அண்ணாச்சி" என்றான்.

அண்ணாச்சி கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். "தூவு. தூவிட்டு வெளிய போயிரு." அவன் பின்பக்கமாக நடந்தபடி, தன் காலடிகளைத் தானே மூடிக்கொண்டு, மூலைமுடுக்கெல்லாம் தூவினான். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்ததும் கொஞ்சம் அதிகமாகவே போட்டான். வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு நினைவில்லை. புள்ளி எழுதியவன் நான்தான்.

மறுநாள் மில் வாசலில் அவன் தனியாக, கையைத் தொங்கவிட்டபடி நின்றான். விசில் கேட்டது. பஸ் நின்றது. தனக்காகத்தான் நின்றது என்று அவனுக்கு உறைக்கவே நேரமாயிற்று. ஏறினான். அண்ணாச்சி டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். மன்னித்தாயிற்றா என்று பிறகு அண்ணாச்சியிடம் கேட்டேன். "நான் பஸ்ஸ நிறுத்துதேன். அவன் ஏறுதான். இதுல மன்னிப்பு எங்க வருது?" என்றார். கைதட்டிய நாளில் நாங்கள் அவனுக்கு என்ன கொடுத்தோம், அதில் எதைத் திருப்பிக் கேட்கிறோம் என்று நானும் பலமுறை யோசித்திருக்கிறேன். பிடிபட்டதில்லை.

சில வருஷத்தில் அவன் வாசுதேவநல்லூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதற்குப் பிறகும் அண்ணாச்சி அங்கே நிறுத்திக்கொண்டிருந்தார். ஆளில்லாத இடத்தில் எதற்கு என்று டிரைவர் சலித்துக்கொண்டபோது, "நிறுத்தாமப் போன நாளு நெறைய இருக்குல்லா" என்றார். ஓய்வு பெறும்வரை அந்தக் கணக்கு அவருக்கு நேராகவில்லை போலிருக்கிறது.

இன்றும் பஸ் நின்றது. படியில் யாரும் ஏறவில்லை. வாசனை மட்டும் வந்து உட்கார்ந்தது. புதுக் கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்து, யாருக்கென்று தெரியாமலே கொஞ்சம் காத்திருந்துவிட்டு, விசில் கொடுத்தார்.