மூன்றாம் வளைவில் பன்னிரண்டு வண்டி

சாலை ஆபீசில் வண்டி எண்ணும் வேலை பார்க்கிறவருக்கு ஊர் வைத்த பெயர் குறுக்குக்கோடு. நாலு வண்டி போனால் நாலு நேர்கோடு, ஐந்தாவதுக்கு அவற்றின்மேல் குறுக்கே ஒரு கோடு, இதுதான் அந்த வேலை. இருபத்திரண்டு வருஷமாக மடக்கு நாற்காலியும் குடையும் அட்டையுமாக மலைச்சாலை ஓரங்களில் உட்கார்ந்து கோடு போடுகிறார். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. ஒருமுறை வெயிலில் மயங்கி விழுந்த அவரை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு போனார்கள். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த ஆம்புலன்சை யாராவது எழுதினீர்களா என்பதுதான். இப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை.

மனைவி அவருக்கு நேர் எதிர். பேச ஆள் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் மூன்றாம் வளைவுக்கு மேலே, வீட்டின் முன்னறையிலேயே ஒரு டீக்கடை போட்டாள். போட்ட வேளை, மலைக்கு அந்தப் பக்கம் புதுச் சாலை திறந்து, போகிற வருகிற வண்டியெல்லாம் அதில் போய்விட்டது. இரண்டு வருஷமாக ஈ ஓட்டினாள். அந்த ஈயிடமும் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தாள். கீழே டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற அவளுடைய அண்ணன், இந்த மாசத்தோடு கடையை மூடிவிட்டு என் கடைக்கு வந்து ஆணி நிறுத்துப் போடு என்று கெடு வைத்துவிட்டார். ஆணி வாங்க வருகிறவன் என்ன பேசுவான்? ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம், அவ்வளவுதான். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் ஒரு வேலை கிளம்பியது. சைக்கிளில் மலையேற வருகிறவர்களுக்கு, எந்தெந்தச் சாலை அமைதியானது என்று காட்டும் வரைபடம். ஒரு புதன்கிழமை, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, ஒரு சாலையில் பன்னிரண்டு மோட்டார் வண்டிக்கு மேல் போகாவிட்டால் அது அமைதியான சாலை. ஏறினாலும் ஒரு கோடு, இறங்கினாலும் ஒரு கோடு. மூன்றாம் வளைவுச் சாலையும் பட்டியலில் இருந்தது. மனைவிக்கு உயிர் வந்தது. மூன்றாம் வளைவு வரை மிதித்து ஏறுகிறவனுக்கு எழுந்து ஓடத் தெம்பு இருக்காது, உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

குறுக்குக்கோடு, தன் வீட்டு வாசல் சாலையைத் தானே எண்ணுவது முறையல்ல என்று எழுதிக் கொடுத்தார். எண்ணத் தெரிந்த ஆள் வேறு இல்லை என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் புதன்கிழமை பத்து மணிக்கு, கடைக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் நாற்காலியை விரித்தார். சாதாரணமாக அந்தச் சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஆறு வண்டி தேறாது. இன்றைக்கு ஒரு குட்டித் தூக்கம்கூடப் போடலாம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

அவருக்குத் தெரியாதது ஒன்று. முந்தின வாரம் முழுக்க மனைவி டவுனில் வீடு வீடாக ஏறி இறங்கி, புதன்கிழமை மட்டும் எங்கள் ரோட்டுப் பக்கம் யாரும் வண்டியை எடுத்து வராதீர்கள் என்று கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். அவள் வாயால் ஒரு விஷயத்தைக் கேட்டால் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது.

பத்து பத்துக்குப் பால் வண்டிக்காரர் வந்தார். எதிரில் வண்டியை நிறுத்தி, இன்றைக்கு நான் வண்டியையே தொடவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். உட்கார்ந்திருந்ததே வண்டியில். நேரில் சொன்னால்தான் மரியாதை என்று மேலே போய்க் கடையிலும் சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டு கோடு. அடுத்து பிளம்பர் மோட்டார் சைக்கிளில் வந்து, தன் மோட்டார் சைக்கிள் இன்று வீட்டிலேயே நிற்கும் என்று உறுதி கொடுத்துவிட்டுத் திரும்பினார். நாலு. தையற்காரரும் அவர் மனைவியும், சொன்ன சொல்லை ஊர் காப்பாற்றுகிறதா என்று பார்க்கக் காரில் வந்தார்கள். அது குறுக்குக்கோடு. பிறகு முடிவெட்டுகிறவரின் ஸ்கூட்டர், ஸ்கூல் வேன், ரிட்டயரான தலைமை ஆசிரியரின் கார். ஒரு மாமனாரும் மருமகனும் வந்தார்கள், பேச்சுவார்த்தை இல்லாததால் இரண்டு வண்டியில். இவர்கள் யாரும் உடனே இறங்கவில்லை. வந்தது வந்தோம், ஒரு டீ குடிப்போம் என்று கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக அண்ணன் லாரியில் வந்தார். தங்கை தோற்றதும் சாமான்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று காலி லாரியாகவே கொண்டு வந்திருந்தார். பதினொன்று.

ஒரு மணிக்கு மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அட்டையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“ஏங்க, இவங்களெல்லாம் நமக்கு உதவி பண்ண வந்தவங்க. இதையுமா எழுதுவீங்க?”

“வண்டியிலதானே வந்தாங்க.”

“இறங்குறப்ப?”

“அதுவும் வண்டியிலதானே.”

அவள் பதில் பேசாமல் போனது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. சோற்றைத் தொட முடியவில்லை. தன் கையிலிருக்கிற பென்சிலை அவர் அன்றைக்கு வெறுத்தார், ஆனால் கீழே வைக்கவில்லை.

மேலே போனவள் வாசலில் நின்று, நாலு மணி வரை ஒரு சக்கரம்கூட உருளக் கூடாது என்று சட்டம் போட்டாள். எண்ணுகிறவர் வண்டியை மறிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. எண்ணுகிறவரின் மனைவி டீயைக் கொடுத்து மறிக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. அவர் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு ஆபீஸ் ஜீப் வந்தது. பொறியாளர் சோதனைக்கு வந்திருந்தார். அட்டையைப் பார்த்து, பதினொன்று, பரவாயில்லையே என்று சொல்லி முடிப்பதற்குள் பென்சில் ஒரு கோடு இழுத்துவிட்டது.

“யோவ், நான் சோதனைக்கு வந்தவன்யா.”

“ஜீப்லதானே சார் வந்தீங்க.”

பொறியாளருக்கு மூன்று மணிக்கு மீட்டிங். தாராளமாகப் போங்கள், ஆனால் பதின்மூன்றாவது வண்டி யாருடையது என்று அட்டையில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் தங்கள் பதவியை எழுத வேண்டிவரும் என்று குறுக்குக்கோடு பணிவாகச் சொன்னார். பொறியாளர் அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு ஜீப்பை மேலே கடைக்கு விட்டார்.

மூன்று மணிக்கு ஒரு சைக்கிள்காரர் வந்தார். அன்றைக்கு வந்த ஒரே சைக்கிள். மூச்சு வாங்கிக்கொண்டு, ரோடு நல்ல அமைதி என்று சொல்லியபடி கடைப் பக்கம் திரும்பினார். அங்கே காரும் வேனும் லாரியும் ஜீப்பும் பல்வரிசை போல நிற்பதைப் பார்த்து ஒரு காலை ஊன்றி நின்றார். உள்ளேயிருந்து நாலு பேர் ஓடிவந்து, இது ரொம்ப அமைதியான ரோடு, உள்ளே வாங்க என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்றே முக்காலுக்கு லாரி உறுமியது. அண்ணன் வேண்டுமென்றே கிளம்புகிறார் என்று குறுக்குக்கோட்டுக்குப் புரிந்தது. ஒரு லாரி இறங்கினால் போதும், இரண்டு வருஷக் கனவு ஒரு கோட்டில் அடிபட்டுப் போகும், அந்தக் கோட்டையும் அவர்தான் போட வேண்டும். பென்சில் முனையை அட்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். லாரி உறுமியது உறுமியபடியே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. மேலேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது, நடுநடுவே ஒரு கூட்டமே சிரிக்கிற சத்தம்.

நாலு மணி. பன்னிரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அட்டையை மூடினார். மூடின அடுத்த நிமிஷம் ஜீப் முதலில் பறந்தது. பின்னாலேயே எல்லா வண்டியும் ஹார்ன் அடித்துக்கொண்டு இறங்கின. மச்சான் லாரியும் காலியாகவே இறங்கியது. அவர் இவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏதோ கேள்வி இருந்தது.

கடைசியாக சைக்கிள்காரர் வந்து பிரேக் போட்டார். வரைபடத்தில் இந்த ரோடு வருமா என்று கேட்டார். வரும் என்றதும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

“மேல ஒரு அம்மா கதை சொன்னாங்க சார். எங்கேயோ ஒரு பாலத்துல வண்டி எண்ணிட்டிருந்த ஆளாம். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு சைக்கிள்ல போயிருக்கு. அவர் எண்ணலை. சைக்கிளை எண்ண மாட்டாங்களாம். தன்னை எண்ணாம விட்டுட்டாரேன்னு அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப நாலு தடவை போயிருக்கு. லாரிக்காரர் கிளம்பினவர், ‘எந்தப் பாலம்? எப்போ?’ன்னு சாவியை உருவிட்டு இறங்கி வந்துட்டாரு. அஞ்சாவது தடவை வந்தப்போ அந்த ஆளு எழுந்து நின்னாராம். அதுக்குள்ள மணி நாலாச்சு, எல்லாரும் ஓடிட்டாங்க. எனக்கும் இருட்டுறதுக்குள்ள இறங்கணும். அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

குறுக்குக்கோடு நாற்காலியை மடக்கினார். குடையை மடக்கினார். காது வரை சிவந்திருந்தது.

“தெரியாதுங்க” என்றார். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். “அவளைத்தான் கேக்கணும். நாளைக்கு ஏழு மணிக்கே கடை திறந்துடுவா. மிதிச்சு ஏறி வாங்க.”