எரவாணத்துக் கோப்பை

மிராசுதார் பஞ்சநதம் நாவல் எழுதிவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் கைவிட்டுப் போகிறதே என்று மற்ற மிராசுகளெல்லாம் வக்கீல் வீட்டுக்கு அலைந்துகொண்டிருக்க, இவருக்கு மட்டும் இலக்கியம் பொங்கிக்கொண்டு வந்தது. கதை என்ன? வெள்ளைக்காரன் காலத்தில் வாய்க்கால் பார்க்க வந்த பார்ட்டன் துரையும் இவருடைய அப்பாவும் ஒரே தம்ளரில் காபி குடித்த சிநேகமாம். கேட்டதும் நல்லக்கண்ணு வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

நல்லக்கண்ணு அந்தப் பண்ணையில் நாற்பது வருஷம் சேற்றில் நின்றவர். கல்யாணம், பிள்ளைப்பேறு, பெண்டாட்டி சாவு எல்லாமே களத்துமேட்டுக் குடிசையில்தான். குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வந்ததும் தாசில்தாரிடம் மனுப் போட்டார். 'அப்படி யாரும் என் இடத்தில் குடியில்லை, அறுப்புக்கு வந்து பத்து நாள் தங்குகிற ஆள்' என்று பஞ்சநதம் கூசாமல் எழுதிக் கொடுத்தார். பட்டா வராவிட்டால் தை அறுப்போடு குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

அதே மனுஷர்தான் இப்போது நல்லக்கண்ணுவைக் கூப்பிட்டு விட்டார். திருவையாற்றில் புத்தக வெளியீடு, தாசில்தார் தலைமை.

"துரை நம்மகிட்ட காபி குடிச்சதைப் பார்த்தவங்கள்ல நீ ஒருத்தன்தான் உசிரோட இருக்கே. மேடையில வந்து சொல்லு. மனை விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

மகள் செவ்வந்தி நாவலின் முன்னுரையைப் படித்துக் காட்டினாள். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மைக்கைப் பிடித்தார். "ரொம்ப சிநேகம்தாங்க. துரையை வண்டிக்கொட்டாயில உக்கார வச்சுத்தான் காபி குடுப்பாங்க. அவரு குடிச்ச பீங்கான் கோப்பை வீட்டுக்குள்ள போவாது. மாட்டுக்கொட்டாய்க் கூரை எரவாணத்துல சொருகியிருக்கும். பக்கத்துல என் கொட்டாங்கச்சி. ரெண்டையும் கழுவுனது நான்தான். பாவம், துரைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

"உளறாதே, இறங்குடா" என்றார் பஞ்சநதம்.

"நாப்பது வருசமா உங்க களத்துமேட்டுல குடியிருக்கிற நல்லக்கண்ணு பொய் சொல்ல மாட்டான்னு நீங்கதானே முன்னுரையில எழுதியிருக்கீங்க?"

தாசில்தார் தம் மடியிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். சற்று முன்தான் பஞ்சநதம் கையெழுத்திட்டுக் கொடுத்தது. முன்னுரையை நிதானமாகப் படித்து முடித்தார்.

"இது நீங்க எழுதினதுதானே? நெஜந்தானே?"

பஞ்சநதம் மனையைக் காப்பாற்ற வேண்டுமானால் தன் நாவலே பொய் என்று, அத்தனை பேர் முன்னால், சொல்லியாக வேண்டும். எழுத்தாளராயிற்றே, அதற்கு வாய் வரவில்லை.

"நெஜந்தான்" என்றார்.

தை வந்தது, அறுப்பும் முடிந்தது. நல்லக்கண்ணுவின் குடிசை இருந்த இடத்திலேயே இருந்தது.