திருச்சுற்றாலைக்கு ஓர் அட்டை

முன்னறையில் மறுபடியும் சிரிப்பு. முதலில், அகராதி வேலைக்கு உதவ வந்திருக்கும் பேராசிரியையின் சிரிப்பு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கணவரின் சிரிப்பு. உள்ளறையில் அட்டைக்காரியின் விரல் தட்டச்சுப் பொறிமேல் அப்படியே நின்றது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டது எண்ணி நாலுமுறை.

கணவர் அகராதி தொகுப்பவர். அவர் கண்டெடுக்கும் சொல்லையும் அது வரும் வரியையும் அட்டையில் அடித்து, செருப்புப் பெட்டிகளில் அடுக்குவது இவள். தெரு வைத்த பெயர்தான் அட்டைக்காரி. உப்பை எங்கே வைத்தோம் என்று நாளெல்லாம் தேடுவாள். எந்தச் சொல் எந்தப் பெட்டியில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவாள். அட்டைகளுக்கு நடுவே அடையாளம் வைக்க வாயில் எப்போதும் இரண்டு கொண்டை ஊசிகள். "ஒரு சொல்லுக்கு அரைப்பக்கம் எழுதுவாரு. எனக்கு ஒரு 'ம்'" என்பாள், ஊசியைக் கடித்தபடி.

இன்றைய சிரிப்புக்குக் காரணம் 'திருச்சுற்றாலை'. பழைய கல்வெட்டுகளில் எப்போதாவது தலைகாட்டும் சொல். கோயிலைச் சுற்றியுள்ள மதில்தான் அது என்று பேராசிரியை அடித்துச் சொன்னாள். கணவரும் 'மதில்' என்று எழுதிவிட்டார். பக்கம் நாளை அச்சுக்குப் போகிறது.

மதிலாவது, மண்ணாவது. அட்டைக்காரியின் கை தானாக ஒரு பெட்டிக்குப் போனது. 'மழை' என்ற சொல்லுக்காக என்றோ அடித்த அட்டை. கணவர் அங்கே தேடியிருக்க மாட்டார். 'மழைக்குத் திருச்சுற்றாலையில் ஒதுங்கினார்கள்' என்றிருந்தது. கூரையும் தூணும் உள்ள இடமல்லவா அது?

கொடுக்காவிட்டால் என்ன? தப்பு அச்சேறட்டும், அந்த மகராசியின் மானம் கப்பலேறட்டும். நினைக்கவே தேனாக இனித்தது. ஆனால் புத்தகத்தின்மேல் இருக்கப்போவது அவர் பெயர். ஊர் சிரித்தால் அவரைப் பார்த்துத்தானே சிரிக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மழைக்கு யாராவது மதில்ல போய் ஒதுங்குவாங்களா?" என்று அட்டையை மேசைமேல் வைத்தாள்.

கணவர் இரண்டுமுறை படித்தார். முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தை விருந்தாளி பக்கம் திருப்பினார். "பாருங்க, நீங்க வந்த நேரம், கிடைச்சிருச்சு."

அட்டைக்காரி வாயிலிருந்த ஊசியை நறுக்கென்று கடித்தாள். பேராசிரியைதான் இல்லையென்று தலையசைத்தாள். "தப்பு என்னோடதுங்க. கண்டுபிடிச்சது அவங்க." பேனாவை வாங்கி பக்கத்திலிருந்த 'மதில்' என்பதைத் தானே கோடிட்டு அடித்துவிட்டு, 'கோயிலைச் சுற்றிய, தூண்கள் தாங்கும் கூரையிட்ட நடை' என்று எழுதினாள். கணவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் விடைபெறும்போது, அந்த அட்டையை ஒருநாள் இரவல் கேட்டாள் பேராசிரியை. எடுத்து வர அவர் திரும்புவதற்குள் அட்டைக்காரி முந்திக்கொண்டாள்.

"இந்த வீட்டு அட்டை வெளியே போற வழக்கமில்லீங்க. பாக்கணும்னா என்கிட்ட வாங்க."

படியிறங்கிய பேராசிரியையைத் தெருமுனை வரை கொண்டுபோய் விடக் கணவர் செருப்பைத் தேடினார். அவர் ஒரு காலை நுழைப்பதற்குள் அட்டைக்காரி கதவைச் சாத்தி, பட்டப்பகலில், மேல்தாழ்ப்பாளையும் சேர்த்துப் போட்டாள்.