குளிக்கத் தடை இருந்த நாளின் படம்

ஒருவர் நோயிலிருந்து மீள்வதற்கு, நோய் வந்ததையே எவருக்கும் தெரியாமல் மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், கடைசியில் மீண்டு வருவது யார்? சங்கரேஸ்வரியின் பதினோரு ஆண்டு வேலை இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டதாகத் தோன்றுகிறது. அவரிடமே கேட்டிருந்தால், "இதெல்லாம் வேல வெட்டி இல்லாதவங்க கேக்க கேள்வி. எனக்கு ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லியிருப்பார்.

அவர் திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவர். சமூகப்பணியில் பட்டம் வாங்கியபின் அரசு விடுதிக் காப்பாளர் வேலைக்கு மூன்று முறை தேர்வு எழுதித் தோற்றார். போலீஸ்காரரான கணவர் சங்கிலிப்பாண்டிக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தபோது, குற்றாலம் போகும் சாலையில் இருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். சேவை என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தியவர்களை நம்பியதும் இல்லை. அழுகிற பெண்ணின் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. "அழுது முடிச்சிட்டுச் சொல்லு, எத்தன மாத்திர?" என்று கேட்பார். அதனாலேயே சில பெண்கள் அவரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள்.

அந்த இல்லம் முன்பு லாட்ஜாக இருந்தது. கீழ்த்தளம் ஆண்களுக்கு, மாடியில் பன்னிரண்டு கட்டில்கள் பெண்களுக்கு. ஆண்கள் குடிக்காக வந்தார்கள். நாலு பேர் இழுத்துவர, வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டு, ஊருக்கே தெரிய வந்தார்கள். குணமாகித் திரும்பியபோது வீட்டில் ஆரத்திகூட எடுத்தார்கள். பெண்கள் அப்படி வரவில்லை. குடியோ, இருமல் மருந்தோ, தூக்க மாத்திரையோ, வெறும் மனச்சோர்வோ, எதுவானாலும் கண்ணாடி ஏற்றிய காரில் வந்து பின்வாசலில் இறங்கினார்கள். ஊரில் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருக்கிறாள்.

ஆகவே சாரல் விழும் மாதங்களில்தான் பெண்கள் பிரிவு நிரம்பியது. நவம்பரில் நோய் முற்றிய பெண்ணும் ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அருவியில் தண்ணீர் இல்லாத காலத்தில் ஒரு பெண் மூன்று வாரம் வீட்டைவிட்டுப் போவதற்கு நம் சமூகம் இன்னும் காரணம் கண்டுபிடிக்கவில்லை.

ஈரக் கூந்தல் படம் என்பது சங்கரேஸ்வரியின் கண்டுபிடிப்பு. ஒரு சப் இன்ஸ்பெக்டரின் மனைவி ஆவுடைத்தாய் குடியை நிறுத்த வந்திருந்தபோது, "குளிச்ச போட்டோ ஒண்ணுகூட வரலையே" என்று மாமியார் வீட்டிலிருந்து கேட்டார்கள். சங்கரேஸ்வரி அவளைக் குழாயடியில் நிறுத்தித் தலையில் நாலு கப் தண்ணீர் ஊற்றி, ஆட்டோவில் ஐந்தருவிக்குக் கூட்டிப் போய், அருவி தூரத்தில் தெரியும்படி ஒரு படம் எடுத்தார். அதன்பின் அது முறையாகிவிட்டது. கொஞ்சம் தெளிந்துவரும் பெண்ணை ஒரு காலையில் அழைத்துப் போவார். பையில் நாலு மாற்றுத் துணி இருக்கும். உடை மாற்றும் அறைக்குள் நாலு முறை போய்வந்தால் நாலு நாளுக்கான படம். நோயாளிகளின் கைபேசிகள் அலுவலக அலமாரியில் இருந்ததால், அவர்கள் சம்மதத்தோடு சங்கரேஸ்வரியே மூன்று நாளுக்கு ஒன்றாக அனுப்புவார். பதில் வந்தால் அவர்கள் எழுதுவதுபோலவே எழுதுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

ஆவுடைத்தாய் குடியை விட்டு ஐந்து வருடங்கள் ஆகின்றன. தென்காசி கடைத்தெருவில் எதிரே வந்தால் சங்கரேஸ்வரியைத் தெரியாதவள்போலக் கடந்துபோகிறாள். குணமானவர்கள் எல்லோருமே அப்படித்தான் கடந்தார்கள். அவர் வேலைக்குக் கிடைத்த நற்சான்று அதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய சீசனில் கடையநல்லூரிலிருந்து ஷஹானா வந்தாள். இருபத்தேழு வயது. கணவன் ஆசிப் சவூதியில், தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்த்தான். மகள் சஃப்ரின் பிறந்த நாற்பதாம் நாள் அவன் விமானம் ஏறியபின், ஷஹானாவுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை அவள் ஐந்து வருடங்கள் சாப்பிட்டாள். ஒன்று எட்டாயிற்று. ஒரு நாள் காலை அவள் எழுந்திருக்கவே இல்லை. பசித்த குழந்தை கதவைத் திறந்துகொண்டு பஸ் போகும் சாலை வரை நடந்துவிட்டது. யாரோ தூக்கிவந்து கொடுத்ததுகூட ஷஹானாவுக்கு மாலையில்தான் தெரியும். அந்த மாலைதான் அவள் தன் தாய் ஹைருன் பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முதுகு வலிக்கு இருபத்தோரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று ஆசிப்புக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள். குழந்தை ஹைருன் பீவியிடம் இருந்தது.

முதல் நாள் எல்லாப் பெண்களிடமும் சொல்வதைச் சங்கரேஸ்வரி ஷஹானாவிடமும் சொன்னார்: "நீ வேண்டாம்னு சொல்லிட்டா, எவன் வந்து கேட்டாலும் உன் விஷயம் என் வாயில இருந்து வராது."

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்பதால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒன்பதாம் நாள் படம் எடுக்கப் போனார்கள்.

"ஏட்டி, சிரி. குளிச்சிட்டு வந்தவ மூஞ்சியா இது? துட்டி வீட்டுல ஒப்பாரி வச்சிட்டு வந்தவ மாதிரி நிக்க."

"கை நடுங்குது அக்கா."

"துண்டுக்குள்ள வச்சுக்கோ. குளிர்னு நெனச்சுக்கிடுவான்."

"நான் சிரிச்சாத்தான் அவருக்குச் சந்தேகம் வரும். அஞ்சு வருஷமாச் சிரிக்கலல்லா" என்றாள் ஷஹானா. சொல்லிவிட்டு, உண்மையாகவே சிரித்தாள். அந்தப் படம்தான் நன்றாக வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குச் சங்கரேஸ்வரி அந்தப் படத்தை அனுப்பினார். தென்காசியில் வெயில் அடித்தது. முந்தின நாள் பிற்பகலிலிருந்து மலையில் கொட்டிய மழையில் எல்லா அருவிகளிலும் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மாடியில் டிவி கிடையாது. செய்தி பார்க்க அவருக்கு நேரமும் கிடையாது.

"எந்த அருவி?" என்று ஆசிப் கேட்டான்.

"ஐந்தருவி. இப்பத்தான் குளிச்சிட்டு வந்தேன். தண்ணி நல்லா விழுது" என்று ஷஹானாவாக இருந்து சங்கரேஸ்வரி எழுதினார்.

இருபது நிமிடம் கழித்து ஒரு வீடியோ வந்தது. செம்மண் நிறத்தில் வெள்ளம், குறுக்கே கயிறு, விசில் ஊதும் போலீஸ், ஓர் ஆள்கூட இல்லை. தம்மாமில் அவன் அறையில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் காலையில் எழுந்ததும் கைபேசியில் அருவியைப் பார்ப்பவர்கள். கீழே ஒரு வரி: "இதுலயா குளிச்ச?"

சங்கரேஸ்வரி மாடிக்குப் போய்ச் சொன்னார். ஷஹானா கைபேசியை வாங்கி அந்த வீடியோவைப் பார்த்தாள்.

"அருவியில என்ன நடக்குன்னு பக்கத்துல இருக்க உங்களுக்குத் தெரியல. தம்மாம்ல இருக்கவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"என் தப்புதான்."

"இவ எவன்கூட இருக்காளோன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு இந்நேரம்."

அதைத்தான் நினைத்தான். வீடியோ அழைப்பு வந்தது. கம்பி போட்ட ஜன்னலும் நடுங்கும் கையும் தெரியும் என்பதால் எடுக்க முடியவில்லை. மறுநாள் ஹைருன் பீவி வந்து, மருந்துச்சீட்டோடு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நாள் ஃபோனிலேயே சண்டை நடந்தது. ஆசிப், தெரு ஜமாஅத்தில் பெரியவரான அப்துல் மஜீதைக் கூப்பிட்டு, விசாரியுங்கள் என்றான். லுங்கி வியாபாரம் செய்யும் அப்துல் மஜீது நிதானமானவர். மஸ்ஜிதில் வேண்டாம், என் வீட்டில் வைத்துப் பேசுவோம் என்றார். ஹைருன் பீவி சங்கரேஸ்வரியை வரச் சொன்னார்.

அப்துல் மஜீது வீட்டுக்குப் போகும்போது காரில் தாயும் மகளும் இரண்டு பக்கமும் இருந்து அவரிடம் பேசினார்கள்.

"இவளுக்குக் கீழ கெட்டிக்குடுக்காத ரெண்டு குமரு இருக்கு மேடம்" என்றார் ஹைருன் பீவி. "சீக்காளின்னு சொன்னாத் தாங்கிக்கிடலாம். மத்தத எப்படித் தாங்க? உள்ளதச் சொல்லிருங்க."

"சொல்லக் கூடாது" என்றாள் ஷஹானா. "வேற ஆளுன்னு நெனச்சா என்னைய விட்டுருவாரு. விடட்டும். அதுக்குச் சாட்சி கெடையாது. மாத்திரைக்கு உங்க ரெஜிஸ்டரு இருக்கு. மாத்திர திங்கவகிட்ட புள்ளைய எவன் விட்டு வைப்பான்? அன்னைக்கு ரோட்டுக்குப் போனதையும் சேத்து வச்சுப் பேச மாட்டாங்களா?"

"உனக்குப் பைத்தியமாட்டீ? தேவடியான்னு பேரு வாங்கணும்னு நிக்க!"

"அந்தப் பேரோட புள்ளைய வளத்துக்கிடலாம்மா. பைத்தியம்னு பேரு வாங்கிட்டு வளக்க முடியாது."

கடைசியில் ஒரு பொய்யை மூவரும் ஒப்புக்கொண்டார்கள். எண்ணெய்க் குளியலுக்காக ஷஹானா தங்கியிருந்தது சங்கரேஸ்வரி நடத்தும் விடுதி, அன்று அருவிக்குப் பதில் பக்கத்துத் தோப்பில் மோட்டார் தண்ணீரில் குளித்தாள், படம் பழையது, வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள். நல்ல பொய்தான். சங்கரேஸ்வரி அதைவிடச் சிக்கலானவற்றைச் சொல்லியிருக்கிறார்.

அப்துல் மஜீது வீட்டுக் கூடத்தில் ஆசிப்பின் தாயும் உறவினர் இருவரும் இருந்தார்கள். மேஜைமேல் கைபேசியில் ஆசிப். ஷஹானா எதிரே சுவரோரமாகத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாரையும் குத்தவாளியாக்க இங்கன உக்காரல தாயி" என்றார் அப்துல் மஜீது. "அங்க ஒரு பையன் தூங்காமக் கெடக்கான். இந்தப் புள்ள அத்தன நாளும் எங்க இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"மஜீது பாய், எங்க எடம் லாட்ஜ் இல்ல" என்று சங்கரேஸ்வரி தொடங்கினார்.

ஷஹானா தலையை அசைத்தாள். வேண்டாம் என்று, ஒரு முறை அல்ல, பல முறை.

சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னார். இல்லத்தின் பெயர், மாத்திரையின் பெயர், எண்ணிக்கை, சேர்ந்த தேதி, படம் எடுத்த விதம். ஷஹானாவாக எழுதி அனுப்பியவர் தாமே என்பதையும் சொன்னார்.

பிறகு ஆசிப் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத குரலில், "அல்லாவே, அவ்வளவுதானா? இதுக்கா நான் பத்து நாளா உசிர விட்டேன்?" என்றான். கூடத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஹைருன் பீவி சங்கரேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து ஆசிப் அப்துல் மஜீதிடம் கேட்டான்: "மாமா, புள்ள இப்ப யாருகிட்ட இருக்கு?"

யாரும் கோபமாகப் பேசவில்லை. ஷஹானா முழுசாகக் குணமாகும் வரை சஃப்ரின் ஆசிப்பின் தாய் வீட்டில் இருக்கட்டும் என்று அன்பாகவே முடிவு செய்தார்கள். "முழுசா எப்பம்மா குணமாகும்?" என்று அப்துல் மஜீது கேட்டார். ஒரு வருடம் என்று சொல்லியிருந்தால் ஒரு வருடத்தில் குழந்தை திரும்பியிருக்கும். "அப்படி ஒரு தேதி எங்களால சொல்ல முடியாது" என்றார் சங்கரேஸ்வரி. அதுவும் உண்மை.

ஷஹானா இப்போது மாத்திரை சாப்பிடுவதில்லை. மறைக்க ஒன்றுமில்லாததால், சாரல் இல்லாத மாதங்களிலும் தனியாக பஸ்ஸில் வந்து, சொந்தப் பெயரில் டாக்டரைப் பார்த்துக் குறைத்துக் குறைத்து நிறுத்தினாள். அதற்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. ஆசிப் விவாகரத்து செய்யவில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறான். சஃப்ரின் வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து, பொழுது சாயும் மஃரிபுக்குள் போய்விடுகிறாள். அவளோடு யாராவது ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

டாக்டரை ஷஹானா கடைசியாகப் பார்க்க வந்த நாளில், படிக்கட்டில் சங்கரேஸ்வரி எதிரே வந்தார். மற்றப் பெண்களைப்போல அவள் தெரியாதவளாகக் கடந்து போகவில்லை. நின்றாள்.

"அன்னைக்கு நான் வேண்டாம்னு தலையாட்டுனத நீங்க பாக்கலதான அக்கா?"

ஒரு வாசலைத் திறந்துவைப்பதுபோல அவள் கேட்டாள். இல்லை என்று சொன்னால் போதும். அவள் நம்பியிருப்பாள், நம்ப விரும்பித்தான் கேட்டாள். முன்பின் தெரியாத ஓர் ஆணுக்கு அவன் மனைவியாகவே பதில் எழுதியவருக்கு அந்த ஒரு சொல் பெரிதில்லை.

"பாத்தேன்" என்றார் சங்கரேஸ்வரி.

"பொறகு ஏன்?"

அவர் கைப்பிடியோரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். அவள் இறங்கிப்போன பிறகு மாடிக்கு ஏறினார். ரவுண்ட்ஸுக்கு நேரமாகியிருந்தது.